பனிமேல் பழி

“மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னா கேக்கறீங்களா?” என்று மனைவி ஸ்டெல்லா கத்த, “இந்தப் பனிக்கு எந்தக் காருடி உடனே கிளம்பும்?” என்று கத்தி ஓய்ந்த அருமைநாதன், ஒருவழியாக அன்றுதான் பானெட்டைத் திறந்தார். பேட்டரி ஒயரைப் பிடிக்கும் நட்டு தளர்ந்திருந்தது. அதன்மேல் தடவியிருந்த கிரீஸ், கல்லூரிக்குக் கிளம்பிப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மகள் ரெஜினாவின் விரலிலும் இருந்தது. “இன்னைக்கும் பனிதானா அங்கிள்?” என்றபடி, வழக்கம்போல் காரைத் தள்ள எதிர்வீட்டு டென்சில் வந்துவிட்டான். தெருவுக்கே தெரிந்த சங்கதி, வீட்டுக்காரருக்குத்தானே கடைசியில் எட்டும். அருமைநாதன் ஸ்பேனரால் நட்டை இறுக்கினார். கார் ஒரே முறுக்கில் கிளம்பியது. ஈஸ்டர் முடிந்த கையோடு ரெஜினாவை ஓசூரில் கட்டிக்கொடுத்தார்கள். இப்போதெல்லாம் பனி இறங்கும் காலைகளில் அருமைநாதனே நட்டைத் தளர்த்திவிட்டு, எதிர்வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.