கீறாத பெடல்

"முள்ளு நல்லா கூரா இருக்கணும், ஆனா கால்ல ஒரு கீறல் விழக் கூடாது. அந்த மாதிரி பெடல் இருக்கா பாய்?"

கரங்கான் பட்டணத்தில் முப்பது வருடமாகச் சைக்கிள் கடை நடத்தும் ஷம்சுதீனிடம் இப்படி ஒரு சாமானை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டவர் மோகனா. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஓர் இடத்தில் நிற்காமல் கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினார். கேட்கிறவருக்கும் மூச்சு வாங்கியது.

விஷயம் இதுதான். மறுநாள் காலை எட்டு மணிக்கு யான் ஊரில், ஜெராய் மலையடிவாரத்தில், மலைச் சைக்கிள் போட்டி. அதே நாள் மாலை ஐந்து மணிக்குப் பாலிங்கிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். போட்டியையும் விட முடியாது, மாப்பிள்ளையையும் விட முடியாது. பழைய பெடலோ ஒரு பக்கம் உடைந்து தொங்குகிறது.

புடவை கட்டினால் காலில் கீறல் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டார் ஷம்சுதீன்.

மோகனா நடப்பதை நிறுத்தினார்.

"போன மாசம் சுங்கைப் பட்டாணியிலேருந்து வந்தாங்க பாய். கால்ல கட்டு, நொண்டி நடை. என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. மலையில சைக்கிள் ஓட்டி விழுந்ததுன்னு சொன்னோம். பலகாரத்தைக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க."

அதிலிருந்து வீட்டில் கெடுபிடியாம். இன்னும் ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் சைக்கிளை விற்றுவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டதாம். சொல்லிவிட்டு மோகனா மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்.

ஷம்சுதீனுக்கு எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ள முடியும். சைக்கிளை விற்கச் சொல்வதை மட்டும் பொறுக்க முடியாது.

"கட்டிக்கப் போறவன் சைக்கிளையும் சேர்த்தே பார்த்துட்டுப் போகட்டும்லா. கீறலுக்குப் பயந்து ஓடுற சம்பந்தம் நமக்கு எதுக்கு? ஆசையா ஓட்டுறவங்களைத் தடுக்கிறது பாவம்மா."

"இதையே எங்க வீட்டுலயும் ஒரு வார்த்தை சொல்லுங்க பாய்" என்றார் மோகனா. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

மகள் வரவில்லையா என்று ஷம்சுதீன் விசாரித்தார். எதிரே நிறுத்தியிருக்கும் காடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பெடல் என்று வாயைத் திறந்தாலே சண்டை, அதனால் இறங்க மாட்டாள் என்றார் மோகனா. பாவம், பிள்ளை நொந்து போயிருக்கிறது என்று ஷம்சுதீன் நினைத்துக்கொண்டார்.

நூறு வெள்ளிக்கு மேல் முடியாது என்று மோகனா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஷம்சுதீன் மூன்று ஜோடிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாவது முள்ளே இல்லாத வழுவழு பிளாஸ்டிக், இருபத்தைந்து வெள்ளி. மோகனா பாய்ந்து அதை எடுத்தார்.

"எல்லாரும் இங்கதான் தப்புப் பண்றாங்க. முள்ளு கீறுறதில்லம்மா, வழுக்குறதுதான் கீறுது. சேத்துல கால் வழுக்கினா பெடல் சுத்தி வந்து எலும்பிலேயே அடிக்கும். கால் பெடலை விட்டு நகராம இருந்தாத்தான் தோலுக்கு நல்லது."

இரண்டாவது பளபளக்கும் அலுமினியம், இருநூற்று எண்பது வெள்ளி. மோகனா அதைக் கைக்குழந்தை போலத் தடவிக் கொடுத்தார். ஷம்சுதீன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அதில் பாதி விலை பளபளப்புக்குத்தான் என்றார்.

மூன்றாவதுதான் அவர் மனதில் இருந்தது. நைலான் பெடல், உள்ளங்கையைவிட அகலம். பக்கத்துக்குப் பத்து இரும்பு முள், தேய்ந்தால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். பாறையில் இடித்தாலும் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போய்விடும். எண்பத்தைந்து வெள்ளி.

எந்தச் சப்பாத்து போட்டு ஓட்டுவது என்று கேட்டதும், மோகனா பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கித்தாத் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, போன வாரத்துச் சேறு இன்னும் காயவில்லை. ஷம்சுதீன் அதைப் பெடல்மேல் வைத்து அழுத்தித் திருகினார். அசையவில்லை. மோகனா பிடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். அதற்கும் அசையவில்லை. இருவரும் லாட்டரி விழுந்தவர்கள் மாதிரி சிரித்தார்கள்.

காடியின் பின்னால் கட்டியிருந்த சைக்கிளை மோகனா தானே அவிழ்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மரைக்குக் கிரீஸ் தடவி, வலது பெடலை ஒரு பக்கமும் இடது பெடலை எதிர்ப்பக்கமும் திருகி, பத்தே நிமிடத்தில் ஷம்சுதீன் வேலையை முடித்துவிட்டார். உற்சாகத்தில் ஐந்து வெள்ளியைக் குறைத்ததோடு, முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் காப்பு ஒரு ஜோடியையும் சும்மா கொடுத்தார்.

அப்போதுதான் பொறுமை இழந்து மகள் கலைமகள் காடியை விட்டு இறங்கி வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி, முகத்தில் கடுகடுப்பு. ஷம்சுதீன் இந்தச் சமயத்துக்காகத்தான் காத்திருந்தார்.

"நாளைக்குப் பயப்படாம ஓட்டும்மா. வழுக்காத பெடலாப் பார்த்துப் போட்டிருக்கேன். உங்க அம்மாகிட்டயும் நல்லாப் பேசிட்டேன், இனிமே சைக்கிளை விக்கச் சொல்ல மாட்டாங்க."

கலைமகள் அவரையே பார்த்தாள். பிறகு, தொங்கிக்கொண்டிருந்த டயர்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்த தாயைப் பார்த்தாள்.

"விக்கச் சொன்னதே நான்தான் அங்கிள். பொண்ணு பார்க்க வர்றது என்னை; மலையில சைக்கிள் ஓட்டி விழுந்துட்டு, கால்ல கட்டோட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால நொண்டிக்கிட்டே பலகாரத் தட்டைத் தூக்கிட்டு வந்தது இவங்க."