குறுக்கே வந்த நாய்

நிதானமாக ஓட்டும்படி மச்சினனுக்குப் போனில் புத்தி சொல்லிக்கொண்டே, தெருவோரம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த காத்தவராயன் மேல் காரை ஏற்றினேன். அவர் கால் முறிந்தது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டியதாக வழக்கு. நிரூபணமானால் நான் ஜெயிலுக்கும் போகலாம்.

என் வக்கீல் அலட்டிக்கொள்ளவில்லை. “குறுக்க நாய் வந்துச்சுன்னு சொல்லிடுங்க சார். எத்தனையோ நாயைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன், ஒண்ணுகூட என்னைக் கடிச்சதில்ல.”

எனக்கும் நாயைப் பிடித்துப்போனது. செவலை என்று நிறம்கூட முடிவு செய்தேன். அடுத்த வாய்தாவுக்குள் அது குரைக்கவே தொடங்கிவிட்டது.

கோர்ட் வராந்தாவில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார் காத்தவராயன். மனசு கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு நாய் ஏதாவது வந்துச்சாண்ணே?”

கசங்கிய என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: “நாயெல்லாம் வரல சார். நீங்கதான் வந்தீங்க.”