இருபத்திரண்டு கிலோமீட்டர்

மீட்டரில் மறுபடியும் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏறியிருந்தது. கிலோ சார் காருக்குள் உட்கார்ந்தபடியே நோட்டைப் புரட்டினார். நேற்றுக் காலை 84,316. இன்று காலை 84,338. நடுவில் யாரும் வண்டியை எடுத்ததாக ஒரு வரிகூட இல்லை.

இன்றோடு ஐந்தாவது நாள்.

முப்பத்தோரு வருடம் லாரி எடைமேடையில் எடை எழுதி ஓய்வு பெற்றவர் அவர். கிலோ சார் என்பது தெருவே சேர்ந்து வைத்த பெயர். ரொட்டி வாங்கப் போனாலும் சரி, வண்டியை எடுத்தவர்கள் போன தூரத்தை நோட்டில் எழுதிவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

சுற்றிலும் பார்த்தார். இருக்கை அவருடைய நீண்ட கால்களுக்குத் தள்ளி வைத்தபடியே இருந்தது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி ஒரு நூல்கூட அசையவில்லை. வந்தவன் தடயம் விடாத ஆசாமி என்று நினைத்துக்கொண்டார்.

"என்னப்பா, இன்னும் முடிவு பண்ணலையா?" மகள் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி நின்றாள். "நாலு மணிக்கு ஷோரூம் ஆளைக் கூட்டிட்டு வர்றேன். இதைக் குடுத்துட்டுப் புதுசு எடுக்கிறோமா இல்லையா, ஒண்ணு சொல்லிடுங்க. கதவைச் சாத்தினா டேஷ்போர்டு திறக்குது, டேஷ்போர்டைச் சாத்தினா கதவு திறக்குது. இன்னும் எதுக்கு இதைக் கட்டிட்டு அழணும்?"

"வேணாம்டி!" உள்ளேயிருந்து மனைவியின் குரல் முந்திக்கொண்டு வந்தது. "இந்த வண்டியே இருக்கட்டும். அப்பாவுக்குக் கை பழகின வண்டி."

"வண்டின்னாலே காத தூரம் ஓடுற ஆளு பேசுற பேச்சைப் பாருங்கப்பா!" மகள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

கிலோ சாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறி உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறது என்பவளுக்கு, இந்தப் பழைய டப்பாவின் மேல் திடீரென்று என்ன இத்தனை பாசம்?

இறங்கப் போனவரின் கண்ணில், பக்கத்து இருக்கைக்குக் கீழே ஏதோ பட்டது. குனிந்து எடுத்தார். மனைவியின் மூக்குக்கண்ணாடிக் கூடு. இரண்டு நாளாக வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாளே, அதே கூடு.

ஆக, யாரோ ஒருவன் ஓட்டுகிறான். பக்கத்தில் இவள் உட்கார்ந்து போகிறாள்.

கூட்டைக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்தார். "உண்மையைச் சொல்லு. வண்டியை யாரு எடுத்துட்டுப் போறா?"

வெங்காயத்தின் நடுவில் கத்தி நின்றது. "யாரு எடுப்பா? நீங்க ஒண்ணு. சாப்பிட்டுட்டுப் பேசாம படுங்க."

தினமும் இதையேதான் சொல்கிறாள். நேற்று மாலை எழுந்து போய்த் தொட்டபோது பானெட் சுட்டதே! அவர் கண்ணயர்கிற மதியத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

முடிவு செய்துவிட்டார். நாலு மணிக்கு வண்டியைத் தள்ளிவிட வேண்டியதுதான். வண்டி போனால் அவனும் வரமாட்டான். அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

சாப்பிட்டதும் அவர் படுக்கப் போகவில்லை. டிக்கியிலிருந்து ஜாக்கி கம்பியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, ஷெட் தெரிகிற ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. தெருவில் ஈ காக்கை இல்லை. கடிகாரம் ஒன்றரை அடித்தது.

கொஞ்ச நேரத்தில் எங்கோ சாவிக்கொத்து குலுங்கியது. "இன்னிக்கு வேணாம், சொன்னாக் கேளுங்க," என்று யாரிடமோ மனைவி கெஞ்சுவது கேட்டது. ஷெட் கதவு கிறீச்சிட்டது. வந்துவிட்டான்! இன்ஜின் உறுமியது. கிலோ சார் பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

கம்பி வளைந்திருந்தது. வட்டமாக இருந்தது. லேசாக அதிர்ந்தது.

நிமிர்ந்தார். முகத்துக்கு நேரே காரின் முன்கண்ணாடி. அதற்கு அப்பால் பூட்டிய இரும்பு கேட், கேட்டுக்குள்ளே அவர் எடை எழுதிய பழைய எடைமேடை. அவருடைய கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் மனைவி வேர்த்து வெளிறிப்போய், ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள்.

"அவன் எங்கே?" அவர் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு தூரம் யாரு ஓட்டிட்டு வந்தது?"

"நீங்கதான்."

"நானா?"

"ரெண்டு மணி ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு சாவியைப் பிடுங்கிட்டு ஓடி வர்றீங்க. தடுத்தா கையை ஓங்குறீங்க. தனியா விட மனசு வராம நானும் ஏறிக்கிறேன். பூட்டின கேட்டைப் பாத்தாதான் தெளியுது. வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்தா, அதுவும் மறந்துபோயிடுது."

கிலோ சார் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "அப்ப இந்த எழவை இன்னிக்கே குடுத்துத் தொலைச்சிடுவோம். உனக்கு ஏதாவது ஆயிட்டா? ஏன் வேணாங்கிற?"

மனைவி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"வண்டி சர்வீஸுக்குப் போயிருந்த அன்னிக்கு நடந்தே கிளம்பிட்டீங்க. பொழுது சாயுற வரைக்கும் தேடி அலைஞ்சேன். இதுல வந்தா மட்டும்தாங்க, திரும்பி வர உங்களுக்கு வழி தெரியுது."