ஒரே ஒரு ஆட்டம் ஆடிய ஆமை

ஆலமரப் பொந்தில் இருந்த அணில், பழைய பந்தாட்டக்காரர்களின் படச் சீட்டுகளைச் சேர்த்து வந்தது. சிறுத்தை, மான் போன்ற பேர்போன ஆட்டக்காரர்களின் சீட்டுகள் அதற்கு வேண்டாம். யாருக்கும் நினைவில்லாதவர்களைத்தான் தேடித் தேடிச் சேர்த்தது.

"இவங்களையெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று கேலி செய்தது மைனா.

"அவங்களும் அதே வெயில்லதானே ஓடினாங்க!" என்றது அணில்.

மைனா இதைக் காடெல்லாம் சொல்லிச் சிரித்தது. அது குளத்தங்கரையில் இருந்த கிழட்டு ஆமையின் காதிலும் விழுந்தது. ஆமை மெல்ல நடந்து மரத்தடிக்கு வந்தது.

"தம்பி, நானும் ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருக்கேன். என் படம் இருக்குமா?" என்று தயங்கியபடி கேட்டது.

அணில் உள்ளே ஓடி, ஓரம் மழுங்கிய ஒரு சீட்டுடன் இறங்கி வந்தது. "கடைசிப் பந்தை முதுகு ஓட்டாலேயே தடுத்தீங்களே, நீங்கதானே அது?"

ஆமை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "வீட்டுல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, தம்பி. போகப்போக எனக்கே சந்தேகம் வந்திருச்சு."

"இந்தாங்க, நீங்களே வச்சுக்குங்க" என்று அணில் சீட்டை நீட்டியது. அதனிடம் இருந்ததிலேயே அதற்கு ரொம்பப் பிடித்த சீட்டு அது.

"வேண்டாம்ப்பா, உன்கிட்டயே இருக்கட்டும். என்னை நினைச்சுப் பார்க்க ஒருத்தர் இருக்கிறதே போதும்."

"அப்படின்னா ஒரு கையெழுத்தாவது போட்டுக் கொடுங்க."

ஆமையிடம் அதுவரை யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. முன்னங்காலைச் சேற்றில் தோய்த்து, முதலில் தரையில் பதித்துப் பார்த்தது. பிறகு படத்தின் ஓரத்தில் அழுத்தியது. ஈரம் காயும்வரை இரண்டும் சேர்ந்து ஊதிக்கொண்டிருந்தன.