தென்மராட்சி நோக்கி

படலை உட்பக்கமாகப் பூட்டியிருந்தது.

அம்மா உள்ளே நின்றார். சேலைக்கு மேலே நடைபவனியின் மஞ்சள் ரீசேட். காலில் நான் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சப்பாத்து. வெளிக்கிட்டு ஆயத்தமாகத்தான் நின்றார், படலையை மட்டும் திறக்கவில்லை.

எனக்குப் பின்னால் ஊரே போய்க்கொண்டிருந்தது. ஓட்டக்காரர்கள் எப்போதோ பறந்துவிட்டார்கள். இப்போது நடக்கிறவர்களின் முறை. புத்தூர்ச் சந்தியிலிருந்து தென்மராட்சியில் இருக்கிற மீசாலை வரைக்கும் நடை. புற்றுநோய்க்கு மருந்தேற்றப் போய்வர வழியில்லாத சனத்துக்கு ஒரு வான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் விளையாட்டுக் கழகம் செய்த ஏற்பாடு.

அம்மாவும் அந்தச் சனத்தில் ஒருத்திதான். மருந்தேற்றிய உடம்போடு பஸ் மாறி பஸ் மாறி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவார். அதையெல்லாம் தாண்டிப் பிழைத்தார். ஒரு மாதமாக விடிய எழும்பித் தோட்டத்து ஒழுங்கையில் இருவரும் நடந்து பழகினோம். வீட்டடியில் நடை வரும்போது அம்மா சேர்ந்துகொள்வார், மீசாலையில் மேடையேறி இரண்டு வார்த்தை பேசுவார் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அம்மாவும் ஆசைப்பட்டுத்தான் ஓம் என்றார். நான் அந்த மேடைக்காகவே நடந்தேன் என்றும் சொல்லலாம்.

"என்னம்மா, சனம் போகுது. திறவுங்கோவன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக வீதியைப் பார்த்தார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் போனார்கள். யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீர்ப் போத்தலும் பையுமாகக் குடும்பம் குடும்பமாகச் சனம். எல்லோரும் ஒரே பக்கமாக.

நேற்றுப் பின்னேரம் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, கழகத்துச் செயலாளர் கோபிசங்கர் ஒழுங்கை ஒழுங்கையாக அறிவித்தான். வசனம் என்னுடையது. 'நாளை விடிய வீட்டில் ஒருவரும் இருக்க வேண்டாம். குடும்பத்தோடு புறப்படுங்கள். தென்மராட்சி நோக்கி!' அவன் வாசிக்க வாசிக்க எனக்கே புல்லரித்தது. அடேயப்பா, என்ன எழுத்து என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சந்திக் கடை நாகலிங்கம் அண்ணைதான், "உதை ஆர் பிள்ளை எழுதினது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன், பெருமையாக. அவர் கடைக்கதவைச் சாத்தினார். பொறாமை பிடித்த மனிசன் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

படலைக்கு முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தொண்ணூற்றைந்தில் ராணுவம் நெருங்கியபோது இப்படித்தான் ஒலிபெருக்கி கட்டி, இதே பக்கம் போகச் சொன்னார்கள். எங்கள் வலிகாமப் பக்கமே எழும்பி நடந்தது. அப்பா அப்போது கொழும்பில். நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எனக்கு அது யாரோ சொன்ன கதை. சனியன், ஒருவரிடம் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

குரலைத் தணித்துச் சொன்னேன். "அம்மா, இது வானுக்காக நடக்கிற நடை. போட்டு உடனை வந்திடுவம்."

அம்மாவின் முகம் சட்டென்று மாறியது.

"எனக்கென்ன விசரே? நடை எண்டு தெரியும். போட்டு உடனை வந்திடுவம் எண்டுதான் நானும் அப்புவுக்குச் சொன்னனான்."

அப்பு அம்மாவின் தகப்பன். பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்தவர். இடப்பெயர்வுக்கு முதலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"போ, போ எண்டு கையைக் காட்டினவர். ரெண்டு பேரைத் தூக்கேலாது பிள்ளை. நான் உன்னைத் தூக்கினன்."

நான் கேட்டா என்னைத் தூக்கினீர்கள் என்று சொல்லவா? எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

"திரும்பி வர மாசக்கணக்காப் போச்சு. வந்து பாக்கேக்கை கட்டில்தான் கிடந்தது."

அம்மாவுக்குப் பின்னால் விறாந்தையைப் பார்த்தேன். நான் விடிய வெளிக்கிட்டபோது அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இப்போது கட்டில் போட்டு, தோய்த்த துணி விரித்து, தலைமாட்டில் செம்பில் தண்ணீர் வைத்திருந்தது. துணியில் ஒரு சுருக்கம் இல்லை. வீட்டில் எங்கள் இருவரையும் தவிர வேறு ஆட்கள் கிடையாது.

"நீ போட்டு வா. இந்த முறை நான் அவரோடை நிக்கிறன்."

அழவில்லை அம்மா. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னார். பிறகு சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு விறாந்தைக்குப் போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். சனம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டில் அப்புவுக்குத் திவசம் செய்கிற வழக்கம் இல்லை. ஆடி அமாவாசைக்கு மட்டும் அம்மா விரதம் பிடித்துப் படைப்பார். மற்ற வீடுகளில் செத்தவரின் திதி பார்த்து ஐயரைக் கூப்பிட்டுச் செய்கிறார்களே, நீங்கள் மட்டும் ஏன் கள்ளம் அடிக்கிறீர்கள் என்று வருசா வருசம் அம்மாவைப் பகிடி பண்ணியிருக்கிறேன். அம்மாவும் என்னோடு சேர்ந்து சிரிப்பார்.

எந்த நாள் செத்தார் என்று தெரிந்தால்தானே திதி பார்ப்பதற்கு.