ஒத்து வந்த தகவல்

“அம்மா, உங்கட மகன் உயிரோட இருக்கார்,” என்றார் அஸீம்.

ஜெயரூபி கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாலு வருடமாக மாமியும் மருமகளும் சம்பூரில் பஸ் ஏறி ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் அலுவலகங்களுக்கு வந்துபோகிறார்கள். பக்கத்தில் மாமி குணேஸ்வரி அசையாமல் இருந்தாள்.

டீசலுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்த வருடம், ஜெயரூபியின் கணவன் சசிகரன் இருபது பேரோடு மீன்பிடி வள்ளமொன்றில் வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். வள்ளம் போய்ச் சேர்ந்த செய்தியும் இல்லை, மூழ்கிய செய்தியும் இல்லை.

தேடவேண்டியவர்கள் மட்டும் இரண்டு பகுதியாக இருந்தார்கள். கரைக்கு இந்தப் பக்கம் நடப்பதெல்லாம் உள்நாட்டுப் புலனாய்வுக்கு. கரை தாண்டினால் வெளிநாட்டுப் பிரிவுக்கு. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே ஒடுங்கின தெருவாக ஒரு ஒழுங்கைதான். ஆள் வள்ளம் ஏறிவிட்டான், இனி எங்களுக்கு அலுவல் இல்லை என்று இங்கே சொல்வார்கள். வேறு நாட்டில் கால் வைத்ததற்கு ஆதாரம் இல்லாமல் பைலைத் திறக்க ஏலாது என்று அங்கே சொல்வார்கள். நடுக்கடலில் காணாமல் போனவனைத் தேட அரசாங்கத்தில் ஒரு நாதி இல்லை. இவர்கள் இரண்டு பேரும் ஒழுங்கையைக் குறுக்கறுத்துச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அஸீம் மூன்று மாதத்துக்கு முன்தான் இந்த உள்நாட்டு அலுவலகத்துக்கு மாறி வந்தவர். கிண்ணியாக்காரர். வந்தவர்களை இருக்கச் சொல்லிவிட்டுக் கதைக்கிற மனிதர். இரண்டு பிரிவும் தகவலைப் பகிரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், முதல் வேலையாகச் சசிகரனின் பைலைத்தான் அந்தப் பக்கத்திலிருந்து எடுப்பித்தாராம்.

“ரெண்டு பைலையும் பக்கத்தில வச்சிப் பார்த்தன். அங்க ஒரு ஆள் தகவல் குடுத்திருக்கார். இங்க ஒரு ஆள் குடுத்திருக்கார். ரெண்டும் அச்சொட்டா ஒண்டுதான். பினாங்கில மீன் இறக்கிற துறையில வேலை செய்யிறாராம்.”

“ஆர் சேர் சொன்னது?” என்று கேட்டாள் ஜெயரூபி.

அது தனக்கே தெரியாது என்றார் அஸீம். தகவல் தருகிறவரின் பெயரைப் பைலில் எழுதும் வழக்கம் இல்லை, இலக்கம் மட்டும்தான் போடுவார்களாம். ஆனால் கிட்ட நின்று பார்த்த ஆட்கள்தான் சொல்லியிருக்கிறார்கள், அதில் சந்தேகமே வேண்டாம் என்றார்.

“தாடிக்குள்ள, நாடிக்குக் கீழ ஒரு தையல் தழும்பு இருக்காம். சரிதானே தங்கச்சி?”

ஜெயரூபிக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. சின்ன வயதில் தோணி விளிம்பில் விழுந்து பட்ட காயம் அது. தாடி மூடியிருப்பதால் வெளியார் ஒருவருக்கும் தெரியாது. அவளே கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்டாள். அவர் இருக்கிறார். கடவுளே, அவர் இருக்கிறார்.

“வேற என்ன சொல்லியிருக்கு சேர்?” குணேஸ்வரி அப்போதுதான் வாய் திறந்தாள்.

அஸீம் வாசித்துச் சொன்னார். போகிற வழியில் கையில் இருந்ததெல்லாம் பறிபோனதால் வீட்டாருக்கு முகம் காட்ட வெட்கமாம். அதனால்தான் ஒரு போன் கோல்கூட எடுக்கவில்லையாம்.

“அதுக்குப் பிறகு?”

“அவ்வளவுதான் அம்மா.”

“வடிவாப் பாருங்கோ சேர். அந்தப் பக்கத்துப் பைலில ஒரு வரியாவது கூட இருக்கும்.”

அஸீம் பொறுமையாக மறுபடியும் தாள்களைப் புரட்டினார். இல்லை என்று தலையாட்டினார்.

ஜெயரூபிக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்கிறார்கள், இந்த மனுசி கும்பிடாமல் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கோல் எடுக்கவில்லை என்று மகன்மேல் கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அஸீம் ஒரு படிவத்தை முன்னால் தள்ளிவைத்தார். இரண்டு பக்கத்தாலும் தகவல் ஒத்து வந்துவிட்டதால் சசிகரன் இனிக் காணாமல் போன ஆள் இல்லை. தன் விருப்பத்தில் வெளிநாட்டில் இருக்கிற ஒருவரை இரண்டு பிரிவும் தேடாது. கையெழுத்து வைத்தால் இன்றைக்கே இரண்டு பைலையும் மூடிவிடலாம் என்றார்.

ஜெயரூபி கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கையெழுத்து வைத்தாள். பேனையை மாமியிடம் நீட்டினாள். குணேஸ்வரி அதை வாங்கவில்லை. படிவத்தை அஸீமின் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“அந்த ரெண்டு ஆளும் நான்தான், சேர்,” என்றாள். “கரை தாண்டினதுக்கு ஒரு சாட்சி இல்லாட்டி ஒருத்தரும் தேட மாட்டினம் எண்டு, இவளுக்கும் தெரியாமல், பேர் சொல்லாமல் போனில அங்க ஒருக்கா இங்க ஒருக்கா நானே கட்டிச் சொன்ன கதை இது, நான் சொல்லாத ஒரு சொல்லாவது அதில வந்திருக்குமோ எண்டுதான் இவ்வளவு நேரமும் கேட்டனான்.”