கருவாட்டுக் காவல்

"என்னய்யா தர்மராஜ், இன்னுமா கழட்டுறே? ஒரு திருகாணிதானே?"

டெலிபோனில் சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டராமனின் குரல் வீரமாக ஒலித்தது. அவர் இருந்த இடம் அப்படி. சவுக்குத் தோப்பைத் தாண்டி, மணல் மேட்டுக்குப் பின்னால், மூட்டைகளை அடுக்கி, அதற்கும் பின்னால்.

ராணுவத்தில் குண்டுகளைச் செயலிழக்க வைக்கும் ஹவில்தார் தர்மராஜ் இருந்தது மகாபலிபுரத்துக் கடற்கரையில். அவர் முன்னால் கொம்பு கொம்பாக முளைத்த பெரிய இரும்பு உருண்டை ஒன்று கிடந்தது. கப்பல்களைக் கவிழ்க்கக் கடலில் மிதக்கவிட்ட குண்டு. யுத்தம் முடிந்து வருஷக்கணக்காகியும் அந்தச் சமாச்சாரம் அதற்கு எட்டவில்லை போலும். போன வாரப் புயலில் மீனவர் குப்பத்துப் பக்கம் கரை ஒதுங்கிவிட்டது.

"திருகாணி துருப்பிடிச்சிருக்கு சார். இப்ப எண்ணெய் விடப்போறேன்," என்றார் தர்மராஜ், காதோடு கட்டியிருந்த டெலிபோனில்.

"விடேன். அதை எதுக்கு என்கிட்ட சொல்றே?"

"எது செஞ்சாலும் சொல்லிட்டுத்தான் செய்யணும் சார். வெடிச்சா, எதைத் தொட்டதால வெடிச்சதுன்னு அடுத்து வர்ற ஆளுக்குத் தெரியணும்ல."

மறுமுனையில் இன்னும் ஒரு மூட்டை இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சாயங்காலம் கலெக்டர் வெள்ளைக்கார விருந்தாளிங்களோட கோயில் பார்க்க வர்றார். அதுக்குள்ள முடிஞ்சாகணும். குண்டுக்கும் சொல்லிடு."

ஹவில்தார் எண்ணெய் விட்டார். பின்னால் மணலில் காலடி கேட்டது. திரும்பினார். இடுப்பில் கூடையோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். குப்பத்து ஜனங்களையெல்லாம் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்கு விரட்டியாகிவிட்டது. ஹவில்தாரின் கை அப்படியே நின்றது.

"இன்னாமே, எங்க வர்றே? போ அந்தாண்ட."

"கருவாடு காயுது. காக்கா தூக்கினு போனா நீ குடுப்பியா?"

"யாருய்யா அங்கே பொம்பளைக் குரல்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கருவாட்டுக்குக் காவலாம் சார்."

"அடிச்சு விரட்டு."

"இங்க யாரும் ஓடக்கூடாது சார். நீங்க வேணா வந்து மெதுவா கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் தன் கடமையை யோசித்துப் பார்த்தார். "சட்டப்படி நான் போனை விட்டு நகரக்கூடாது," என்றார்.

அவள் சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்தாள். "தலைக்கு ஊத்திக்கினாப்புல வேர்த்துகீது. காலையில எதுனா துன்னியா, இல்லியா?"

"அது உனக்கு இன்னாத்துக்கு?"

"எனக்கு இன்னா. நீ மயக்கம் போட்டு அது மேல வுழுந்தா கருவாடு பூடும். அதான் கேட்டேன்."

வெயில் ஏறியது. திருகாணி அசையவில்லை. டெலிபோன் மட்டும் அசராமல் பேசியது.

"கலெக்டர் கார் செங்கல்பட்டைத் தாண்டியாச்சாம். எண்ணெயாவது, ஊறறதாவது. பெரிய ஸ்பானரைப் போட்டு ஒரே திருகாத் திருகு. இல்லே, உன் மேல ரிப்போர்ட் போகும்."

ஹவில்தார் கையைத் துடைத்துக்கொண்டார். களைத்திருந்தார். யோசித்துவிட்டு, பெரிய ஸ்பானரை எடுத்தார்.

"சரி சார். பலமா திருப்பப்போறேன்."

அந்தப் பெண் எழுந்தாள். மெதுவாக நடந்து வந்து, குண்டுக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தள்ளிப் போமே."

"ஏன்? நீ பாட்டுக்குத் திருப்பு. கலெக்டரு வந்துகினுகீறாரு, பாவம், அவுருக்கு நேரமாவுதுல்ல. வந்தாருன்னா நம்ம ரெண்டு பேரையும் பொறுக்கி ஒண்ணாப் போட்டுட்டு அப்பால கோயிலைப் பார்ப்பாரு. அதுக்குத்தான் கூடைகூடக் கொண்ணாந்துகீறேன்."

ஹவில்தார் அவளைப் பார்த்தார். அவள் நகர்கிறவளாகத் தெரியவில்லை. அவர் கை தாழ்ந்தது.

"சார், பெரிய ஸ்பானரைக் கீழே வைக்கிறேன். மறுபடி எண்ணெய் விடறேன்."

"எவ்வளவு நேரம்யா ஊறும்?"

"ஊறுற வரைக்கும் சார்."

இருவரும் காத்திருந்தார்கள். கடல்தான் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் சின்னப் பித்தளை ஸ்பானரை வைத்து, விரல் நுனியால் அழுத்தினார். திருகாணி கொஞ்சம் கொஞ்சமாக இளகி வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். மெல்லிய கம்பி ஒன்று திருகாணியின் அடியில் துருவோடு ஒட்டி, விறைத்து நின்றது.

"பலமா திருப்பியிருந்தா?" என்றாள், முதல் தடவையாக மெல்லிய குரலில்.

"கூடை தேவைப்பட்டிருக்காது."

கம்பியை விடுவித்து, சுருட்டு மாதிரி இருந்த வெடிமருந்துக் குழாயை உருவி, தூரத்தில் தோண்டி வைத்திருந்த குழியில் வைத்துவிட்டு வந்தார்.

"முடிஞ்சது சார். வரலாம்."

"நிஜமாத்தானா?"

"நான் பேசிக்கிட்டிருக்கேனே சார்."

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குண்டை ஒருமுறை காலால் தொட்டு வெற்றி கொண்டார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"சர்க்கார் வேலைக்கு இடைஞ்சல் பண்ணியிருக்கே. கேஸ் போடாம விடமாட்டேன். பேர் என்ன?"

"கன்னியம்மாங்க."

"புருஷன் பேரு?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அதுவரை இருந்த வாய் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கேக்கறேன்ல? புருஷன் பேரைச் சொல்லு."

"அத்த நான் எப்பிடிங்க வாயால சொல்றது? பஞ்சபாண்டவருல மூத்தவரு பேருங்க."

இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, முதல் விரலிலேயே நின்று, ஹவில்தாரைத் திரும்பிப் பார்த்தார். 'இந்த வேலைய வுடு, இல்லாங்காட்டி என்னை வுடு' என்று சொல்லிவிட்டு, போன தை மாசம் இந்தக் குப்பத்துத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டவளை இன்றைக்குத்தான் மறுபடி பார்க்கிற ஹவில்தார் தர்மராஜ், முழங்காலில் இல்லாத மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.